சுற்றாத முன்சில்லு

அத்தியாயம் 11

ஆதம்பாவாவின் மோட்டார் சைக்கிள், மருதமுனை வீட்டின் பின்வளவில் முருங்கை மரத்தோடு சாய்ந்து கிடந்து இன்றோடு முப்பத்தொன்பது நாள். லேன்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அன்று அதை இறக்கி உருட்டப் பார்த்தார்கள். முன்சில்லு சுற்றவில்லை. விழுந்த விழுகையில் எங்கேயோ வளைந்திருக்கும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்ச் சாத்தினார்கள். ஜனாஸா கிடக்கிற சாவு வீட்டில் சில்லைப் பற்றி யார் கவலைப்படுவது?

ஊர் பிறகு கவலைப்பட்டது. மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிவதற்குள்ளேயே தீர்ப்பும் சொல்லிவிட்டது. மருமகன் கைவைத்த பிரேக், மாமனாரின் உயிரைக் கொண்டுபோய்விட்டது என்று.

மாமனார் போனது இப்படித்தான். சாகாமத்து வயலில் வேளாண்மை வெட்டு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், வாய்க்கால் பாலத்தடியில் குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக்கைப் பிடித்தார். மாடு தப்பியது. அவர் கைப்பிடிக்கு மேலால் தூக்கி எறியப்பட்டு, பாலத்துக் கைச்சுவரில் தலை அடிபட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

கல்முனையில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் ஜவாத்துக்கு அன்றிலிருந்து வேலையும் குறைந்தது, வீட்டில் பேச்சும் குறைந்தது. மனைவி சுல்பிகா கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷனை இழந்து இத்தா இருக்கும் உம்மாவின் அறைக்குப் படுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. சோறு மேசையில் மூடி இருக்கும். யார் மூடினார்கள் என்று தெரியாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். கசந்தால் அதே பெட்டியோடு இறங்குவான். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆதம்பாவா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, அவருடையது என்று கொண்டுவந்த ஒரே பொருள் இந்தப் பழைய பி.எஸ்.ஏ. வண்டிதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஜவாத் கொண்டுவந்தது ஸ்பேனரும் சுத்தியலும் கிடக்கும் ஆயுதப் பெட்டி.

அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்: ஒன்று அவன், மற்றது போன கிழமை படித்த நீங்கள். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன்.

முன் பிரேக்கின் லைனிங் தேய்ந்து, ஆணி தெரிகிற நிலைக்கு வந்துவிட்டது. புது லைனிங்கை, அதைத் தாங்கும் பிரேக் சூவில் செப்பாணி அடித்துத்தான் இறுக்க வேண்டும். அந்த அளவுச் செப்பாணி கல்முனையில் இல்லை, கொழும்புக்குச் சொல்லியிருந்தான். வெட்டுக்காலம் வந்துவிட்டது, மாமனாருக்குப் பொறுமை இல்லை. ஆணி வரும்வரைக்கும் என்று நினைத்து, இரண்டு டியூப்பைக் கலக்கும் அந்த மஞ்சள் பசையைப் பூசி லைனிங்கை ஒட்டி, மாட்டிக் கொடுத்துவிட்டான்.

“ஆணி அடிச்சித்தானே, மருமகன்?” என்று கேட்டார் ஆதம்பாவா.

“ஓம் மாமா” என்றான்.

கேட்டவர் போய்விட்டார். அந்த ‘ஓம்’ இவனோடு இருக்கிறது. கொழும்பிலிருந்து செப்பாணிப் பார்சல் வந்தது, ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள்.

இன்று காலை பாலமுனையிலிருந்து ஜெஸீம் போன் எடுத்தான். சுல்பிகாவின் காக்கா, மூத்த அண்ணன்; அரிசி ஆலையில் பிட்டர். யந்திரத்தைப் பார்த்தே அதன் நோயைச் சொல்லக்கூடிய ஆள்.

“மச்சான், நாளைக்கு நாப்பதாம் கத்தம் ஓதி முடிஞ்ச கையோட நான் அந்தப் பிரேக்கக் கழட்டுவன். ஆரையும் குத்தம் சொல்றத்துக்கில்ல. வாப்பா என்னத்தால மௌத்தானார் எண்டு எனக்குத் தெரியோணும்.”

“ஓம் காக்கா” என்றான் ஜவாத். இந்த மனிதனுக்கு வேறு சொல்லே வராது போலும்.

போனை வைத்தவன் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனான். தனக்கே தெரிந்துகொள்ளப் போனானா, ஜெஸீம் பார்ப்பதற்கு முன்னால் துடைத்துவிடப் போனானா? கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஸ்பேனரால்தான் கழற்றப்படும்.

கேபிளைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது சுல்பிகா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் சஹ்லா, நாலு மாதப் பிள்ளை.

“என்ன செய்றீங்க?”

“பிரேக்கக் கழட்டிப் பாக்கப் போறன்.”

“முப்பத்தொம்பது நாளாப் பாக்கல்ல. காக்கா நாளைக்கு வாறன் எண்டா மட்டும் இண்டைக்குப் பாக்கிறீங்களா?”

ஜவாத் கேபிளின் நட்டை இன்னொரு சுற்றுத் தளர்த்தினான்.

“சொல்லுங்களன். என்னத்த மறைக்கப் பாக்கிறீங்க?”

“ஒண்டுமில்ல, சுல்பிகா.”

“கேளுங்க, ஒரு சொல் சொல்றன்.” பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நாளைக்குக் காக்கா பாக்கட்டும். ஒங்கட கையால வந்த பிழை எண்டா, இந்த வீட்டுல நீங்க இரிக்க ஏலாது. உம்மா சொல்லத் தேவல்ல, ஊர் சொல்லத் தேவல்ல. நானே சொல்லுவன்.”

அவளுக்கும் வயிறு எரியும்தானே. வாப்பாவையும் இழந்து, புருஷன்மேல் வைத்த நம்பிக்கையையும் இழந்து, ஒரு பெண் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள்?

அப்போது அவளுக்குப் பின்னால் அடுப்படித் திரை விலகியது. வெள்ளைச் சேலையில் சுல்பிகாவின் உம்மா ஹாஜறா.

இத்தா இருக்கும் பெண் அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது. மருமகன் அந்நியன் இல்லை. மார்க்கம் தடுக்காததை ஊர் வழக்கம் தடுத்து வைத்திருந்தது. மருமகனோடு மாமி முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. ‘மருமகனுக்கிட்டச் சொல்லு’ என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மகளிடம் சொல்லுவாள். மகள் வந்து சொல்லுவாள். ஐந்து வருடமும் அப்படித்தான் போனது.

“மருமகன்” என்றாள் ஹாஜறா, நேராக அவனைப் பார்த்து.

ஜவாத் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“ஒங்கட கையில பிழை இல்ல. பிரேக்குக்கு எண்ணெய் விட்டது நான்தான்.”

“என்ன உம்மா கதைக்கிறீங்க?” என்றாள் சுல்பிகா.

“நீ சும்மா இரி, புள்ள. நான் சொல்லி முடிக்கோணும்.” திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். “மருமகன் செஞ்சு குடுத்த நாள்லேர்ந்து அந்தப் பிரேக் ஒரே கத்து. விடியச் சுபஹு தொழுதுட்டு வந்து வாசல்ல நிப்பாட்டக்குள்ள கத்தும், கைப்பிள்ள திடுக்கிட்டு எழும்பும். அவருக்கிட்டச் சொன்னன். ‘கத்தினாத்தான் பிரேக் பிடிக்கிது எண்டு அர்த்தம், பேசாம இரிங்க’ எண்டு சிரிச்சார். நான் நெய்யிற தறியில எங்க கிறீச்செண்டாலும் ரெண்டு சொட்டு விட்டா அடங்கும்தானே? அப்படித்தான் நெனச்சன். அவர் வயலுக்குப் போக முந்தின நாள் பின்னேரம் தறி எண்ணெய் டப்பாவக் கொண்டுவந்து, அந்தச் சில்லுக்கிட்ட, கம்பி இழுக்கிற இடத்துல விட்டன். ரெண்டு சொட்டில்ல. நிறைய விட்டன்.”

சுல்பிகா உம்மாவின் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

“மூணாம் கத்தத்துல முன்வீட்டுல இரிந்து ஆரோ சொன்னார், எண்ணெய் பட்டா பிரேக் நிக்காது எண்டு. திரைக்கு இங்கால இரிந்து கேட்டன். அண்டைலேர்ந்து என்ட வாய் தொறக்கல்ல. மருமகன ஊர் ஏசக்குள்ளயும் தொறக்கல்ல. றப்பே! நாப்பது வருஷம் சோறாக்கிப் போட்ட கையால...”

முடிக்கவில்லை, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சுல்பிகா பிள்ளையையும் உம்மாவையும் ஒன்றாகக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூவரும் அழுதார்கள், பிள்ளை எதற்கென்று தெரியாமல் அழுதது. பிறகு சுல்பிகா உம்மாவை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். திரை விழுந்தது.

ஜவாத் திரும்ப ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

ஒரு மனுசி தன் புருஷனைத் தானே கொன்றேன் என்று சொல்லி அழுகிறாள். அதைக் கேட்டு ஒருவனுக்கு நிம்மதி வருமா? வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. ‘எண்ணெய். எண்ணெய்தான். பசை இல்லை’ என்று உள்ளே ஒன்று குதித்தது. அவனைத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஆனால் அந்த முப்பத்தொன்பது நாளை அவனைப்போல் கழித்துவிட்டுத் திட்டுங்கள்.

அச்சாணியின் நட்டைக் கழற்றினான். இந்த வண்டிக்கு இப்போதைய ஸ்பேனர் எதுவும் பொருந்தாது. மாமனார் தன் பழைய ஸ்பேனர்களைச் சாரத் துண்டொன்றில் சுருட்டி வைத்திருந்தார். அந்தத் துணியில் இன்னும் அவருடைய அத்தர் மணந்தது. சில்லை இறக்கிச் சாக்கின்மேல் கிடத்தினான்.

பிரேக்கை மூடியிருக்கும் தட்டின் வெளிப்பக்கத்தில் மாமியின் எண்ணெய் இருந்தது. சாகாமம் வரைக்கும் போய்வந்த புழுதியைக் குடித்து, அந்த இடத்தில் அப்பம்போலக் காய்ந்து கிடந்தது.

தட்டு வரவில்லை. உள்ளே எதுவோ இறுகிப் பிடித்திருந்தது. மரக்கட்டையை வைத்துச் சுற்றிவரத் தட்டினான். நாலாம் சுற்றில் ‘டக்’ என்று கழன்று வந்தது.

உள்ளே எண்ணெய் இல்லை.

விரலை விட்டுத் தடவினான். காய்ந்த தூள்தான் வந்தது. மணந்து பார்த்தான். ஒரு சொட்டும் இறங்கவில்லை. சில்லோடு சுற்றும் டிரம்மின் ஒரு பக்கத்தில், சூவுக்கும் டிரம்முக்கும் இடையில் குறுக்காகச் செருகிக்கொண்டு, கழன்ற லைனிங் துண்டு ஒன்று கிடந்தது. அது இருந்த சூவில் லைனிங் இல்லை. அதன்மேல் மஞ்சள் பசை, தூரிகை போன கோடுகூட மாறாமல்.

அப்போதுதான் பாலத்தடியில் பார்த்த டயரின் கறுப்புக் கோடு அவன் ஞாபகத்துக்கு வந்தது. ஜனாஸாவுக்கு அடுத்த நாள் தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்த கோடு. எண்ணெய் பட்ட பிரேக் சில்லை நிறுத்தாது. நிற்காத சில்லு தெருவில் கோடு கீறாது. சில்லு நின்றிருக்கிறது. துண்டு கழன்று செருகி, ஒரே அடியாக நின்றிருக்கிறது. அதனால்தான் அவர் பறந்தார்.

அவன் கைதான். அவன் பசைதான்.

அந்த நிமிடமே உள்ளே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஓடவில்லை. துண்டை இடுக்கியால் இழுத்தெடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலையைத் தொடங்கினான். மனம் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும்போது கை தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது.

டிரம்மை மண்ணெண்ணெயால் கழுவி, அரத்தாளால் தேய்த்து, பெற்றோலால் துடைத்தான். கொழும்பிலிருந்து வந்த பார்சலைப் பிரித்தான். வேறு ஒரு சோடிச் சூவை எடுத்து, புது லைனிங்கை வைத்து, துளையிட்டு, ஒவ்வொரு துளைக்கும் செப்பாணி அடித்தான். ஆணித் தலை லைனிங்குக்குள் பதிந்து இருக்க வேண்டும். மேலே நின்றால் டிரம்மைக் கீறிவிடும். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் லைனிங் நடுவில் தூக்கிக்கொள்ளும். ஒரு சூவுக்கு எட்டு ஆணி. பதினாறு ஆணியையும் அடிக்க எடுத்தது முக்கால் மணித்தியாலம்.

அந்த முக்கால் மணித்தியாலம்தான் மாமனாருக்கு அவன் கொடுக்காதது.

லைனிங்கின் முன் ஓரங்களை அரத்தால் சரித்து விட்டான். அப்படி விட்டால் பிரேக் கத்தாது. சூக்களை விரிக்கும் கேமுக்கு நெல்மணியளவு கிறீஸ். ஸ்பிரிங்கை மாட்டி, தட்டை மூடி, சில்லைப் பூட்டினான். சில்லைச் சுற்றவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடியே அச்சாணியை இறுக்கினான். அப்போதுதான் சூ இரண்டும் நடுவில் வந்து உட்காரும்.

மறுபடி சுற்றி விட்டான். சில்லு சத்தமில்லாமல் சுற்றியது. பிடித்தான். நின்றது.

பின்னேரத்து அஸர் பாங்கும் சொல்லிவிட்டது. சுல்பிகா ஒரு பிளேட்டில் சோறும் மீன் ஆணமும் போட்டுக் கொண்டுவந்து, பலாக்கட்டையின்மேல் வைத்தாள். தண்ணீரும் வைத்தாள். முப்பத்தொன்பது நாளைக்குப் பிறகு அவள் தன் கையால் போட்ட சோறு.

“என்ன மன்னிச்சிருங்க” என்றாள். கண் வீங்கியிருந்தது. “என்னெல்லாம் நெனச்சிட்டன். உம்மா காக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிட்டா. காக்கா அழுறார். நாளைக்குப் பிரேக்கக் கழட்டத் தேவல்லியாம். வாப்பாட வண்டிய மச்சானே வெச்சிக்கொள்ளட்டும் எண்டார்.”

கை கழுவ எடுத்த தண்ணீரை ஜவாத் திரும்ப வைத்தான்.

“உம்மா நாளைக்குக் கத்தத்துக்கு வாற எல்லாருக்கும் சொல்லப் போறாவாம். ஒங்கட பேர் சுத்தமாகோணுமாம். நான் வேணாம் எண்டன், கேக்கிறா இல்ல.”

“எண்ணெய் உள்ளுக்குப் போகல்ல, சுல்பிகா.”

“என்ன?”

“மாமி விட்ட எண்ணெய் வெளிய காஞ்சி கெடந்த. உள்ளுக்கு ஒரு சொட்டு இல்ல. நான் லைனிங்குக்கு ஆணி அடிக்கல்ல. பசையால ஒட்டினன். அது கழண்டு சில்லப் புடிச்சிட்டு. மாமா கேட்டார், ஆணி அடிச்சித்தானே எண்டு. ஓம் எண்டு பொய் சொன்னன்.” துண்டை எடுத்து நீட்டினான். “இந்தா, பாரு. இதான் அது.”

அவள் துண்டைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் இளகியது. அதைப் பார்த்து அவனுக்குப் பயம் பிடித்தது.

“உம்மாவக் காப்பாத்துறத்துக்கு இப்படியும் ஒரு பொய்யா?” என்றாள்.

“பொய் இல்ல...”

“மருமகன்!” திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜறா. “எனக்காகப் பொய் சொல்லாதீங்க. எண்ணெய் விட்ட கை எனக்கிட்ட இரிக்கி. ஒங்களுக்கு அல்லாஹ் நல்ல மனசத் தந்திரிக்கான். அது போதும்.”

“மாமி, வல்லாஹி நான்...”

சுல்பிகா ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். “வேணாம். எங்களுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணி நீங்க பாவத்தத் தேட வேணாம். தின்னுங்க முதல்ல.”

அவன் பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மை சொல்லும்போது நல்லவன் என்கிறார்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? கையைக் கழுவிவிட்டுச் சோற்றைத் தின்றான். பசி. ஆணம் நல்ல ருசியாக இருந்தது. அந்த ருசிதான் அவனுக்கு மிகக் கொடுமையாகப் பட்டது. பேசாமல் இருந்தால் போதும். வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், வண்டியும் இருக்கிறது. துண்டை வாய்க்காலில் எறிந்தால் கதை முடிந்தது.

உள்ளே ஹாஜறா ஓதத் தொடங்கினாள். ஓதல் நடுவில் உடைந்தது, மறுபடி தொடங்கினாள், மறுபடி உடைந்தது. இனி எத்தனை வருடம் இப்படி உடையும்?

ஜவாத் கையைக் கழுவிவிட்டு, சாரத் துண்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இறுக்கிய நட்டைத் திரும்பக் கழற்றத் தொடங்கினான்.

பிளேட்டை எடுக்க வந்த சுல்பிகா நின்றாள். “ஏன் திரும்பக் கழட்டுறீங்க? சரியாப் பூட்டல்லியா?”

“சரியாத்தான் பூட்டின. ஆனா இது இப்படி இரிக்கக் கூடாது.”

அவளுக்கு விளங்கவில்லை. இத்தனை நாள் விலகி இருந்ததற்கு ஈடு செய்வதுபோல, அவன் பக்கத்தில் சாக்கில் குந்தினாள். கழற்றிய நட்டுகளைக் கையேந்தி வாங்கிக்கொண்டாள். சில்லு இறங்கியது, தட்டு வந்தது. செப்பாணி அடித்த புதுச் சூ இரண்டையும் அவன் எடுத்து ஓரமாக வைத்தான். மஞ்சள் பசை காய்ந்த பழைய சூவையும் அதன் சோடியையும் எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே மாட்டினான்.

“இதென்ன, பழசையே போடுறீங்க?”

“நான் சொன்னா நீங்க ஒருத்தரும் நம்பல்ல. காக்கா பிட்டர். நாளைக்குக் கால்ல விழுந்தாவது அவரக் கொண்டு இதத் தொறப்பிக்கிறன். மாமி வாயத் தொறக்க முந்தி இத அவர் பாக்கோணும்.”

சுல்பிகா கீழே பார்த்தாள். அவள் காலடியில் அந்தத் துண்டு கிடந்தது. எடுத்தாள்.

“இதுவும் உள்ளுக்குப் போறதா?”

“ஓம்” என்றான் ஜவாத்.

அவள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மஞ்சள். சூவைப் பார்த்தாள். அங்கேயும் மஞ்சள். துண்டைச் சூவின்மேல் வைத்தாள். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. சூவில் தூரிகை கீறிய கோடு, துண்டிலும் அதே இடத்தில் தொடர்ந்தது. துண்டில் ஆணித் துளை ஒன்றுகூட இல்லை.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொன்னது பொய் இல்லை.

“புள்ள,” உள்ளேயிருந்து ஹாஜறாவின் குரல் வந்தது, “மருமகன் சோறு தின்னுட்டாரா?”

“தின்னுட்டார், உம்மா.”

ஜவாத் துண்டுக்காகக் கையை நீட்டினான்.

உள்ளே உம்மா. முன்னால் புருஷன். இந்தத் துண்டு டிரம்முக்குள் போனால் உம்மாவின் பாரம் இறங்கும். புருஷனின் பெட்டியும் வீட்டைவிட்டு இறங்கும். காலையில் அவளே சொன்ன சொல் அது.

பொழுது பட்டது, பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். ஜவாத்தின் கை நீட்டியபடியே இருந்தது. சுல்பிகா துண்டைக் கொடுக்கவில்லை. விரல்களை மெல்ல மூடி, அதைத் தன் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.